கரையைக் கட்டும் உரிமை யாருக்கு? நவாபு வாலாஜா வாழ்வில் காவிரி

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகையை நிறைவேற்றித் திரும்பும் பெருமக்களுள் வாலாஜா என்னும் பெயரை அறியாதவர் இலர். பள்ளிவாசலுக்கு அப்பெயர், கடற்கரைக்குச் செல்லும் சாலைக்கு அப்பெயர், ஆற்காட்டுப் பகுதியில் ஓர் ஊருக்கே அப்பெயர். அப்பெயருக்குரிய நவாபு முகம்மது அலி அவர்கள் பெருங்கொடையாளர் என்றும், உலமாக்களைப் போற்றியவர் என்றும், ஆங்கிலேயரிடம் கடன்பட்டு அல்லலுற்றவர் என்றும் நாம் கேள்வியுற்றிருக்கிறோம். ஆனால் அன்னாரின் நெடிய வாழ்வு தண்ணீர் வழக்கொன்றோடு பின்னிக் கிடந்தது என்னும் செய்தி நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. குடிநீருக்காக நாடுகள் மோதிக்கொள்ளக்கூடும் என்று அறிஞர்கள் எச்சரிக்கும் இந்நாளில் அவ்வழக்கை எடுத்துரைப்பது பயனுடைத்து.

முகம்மது அலி 1717ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் அன்வருத்தீன் கான் வடநாட்டுக் கோபாமூ என்னும் ஊரினர். நிஜாமின் ஆதரவால் கர்நாடக நவாபாக அமர்ந்தவர். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் தந்தையார் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரரின் துணையோடு சந்தா சாகிபு ஆற்காட்டைக் கைக்கொண்டார். அரசிழந்த முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்தார். அவரிடம் எஞ்சியிருந்தது அந்த ஒரு கோட்டையும், அதைச் சுற்றிய சிறு நிலமும், ஆங்கிலக் கும்பெனியாரின் நட்புமே.

1751இல் சந்தா சாகிபு திருச்சியை முற்றுகையிட்டார். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து எதிரியின் கவனத்தைத் திருப்பிய கதை பள்ளிச் சிறுவரும் அறிந்தது. அதை விரிக்க வேண்டியதில்லை. நாம் கருத வேண்டியது வேறொன்று. திருச்சிக் கோட்டையில் அடைபட்டவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது? புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்தும், தஞ்சைச் சீமையிலிருந்தும் வந்தது. தஞ்சை மன்னர் பிரதாப சிங்கரின் படை முகம்மது அலிக்குத் துணையாக வந்து சேர்ந்தது. 1752இல் சந்தா சாகிபு சரணடைந்து, தஞ்சைத் தளபதியின் கையிலேயே மாண்டார். காவிரி விளைவித்த நெல்லும் தஞ்சையின் வாளும் இல்லையேல் முகம்மது அலி நவாபாக வாழ்ந்திருப்பாரா என்பது ஐயமே.

உடைக்கப்பட்ட கரை

இவ்விடத்தில் காவிரியின் அமைப்பைச் சற்று விளக்குவது தேவை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. இடையே திருவரங்கத் தீவு. தீவின் கீழ்க்கோடியில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் படுகை உயர்ந்தது. நடுவில் உள்ள கரை உடைந்தால் காவிரி நீர் முழுதும் கொள்ளிடத்தில் விழுந்து வீணே கடலைச் சேரும். தஞ்சையின் வாய்க்கால்கள் வறண்டு போகும். இக்கேடு நேராமற் காப்பவையே சோழர் காலத்துக் கல்லணையும் அதையொட்டிய பெருங்கரையும் ஆகும்.

போர் வெறி கொண்டோர் இந்த நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர். 1754 மே மாதத்தில் பிரெஞ்சுப் படை கோவிலடிக்குச் சென்று அப்பெருங்கரையை வெட்டிவிட்டது. தஞ்சை மன்னர் நவாபுக்கும் ஆங்கிலேயருக்கும் உதவக்கூடாது என்பதே நோக்கம். பீரங்கிகள் பல மாதம் முழங்கியும் செய்ய இயலாததை ஒரு நாள் மண்வெட்டி வேலை செய்து முடிக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். நவாபு முகம்மது அலி அன்று அந்தக் கொடுமையால் பாதிக்கப்பட்ட தரப்பில் நின்றவர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

காலம் மாறியது. 1763இல் பாரிசு உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடக நவாபென ஐரோப்பிய வல்லரசுகள் ஏற்றுக்கொள்ளச் செய்தது. 1765இல் தில்லிப் பேரரசர் ஷா ஆலமின் பர்மான் வந்தது. நிஜாமுக்கு அடங்காத தனியாளுகை கிடைத்தது. வாலாஜா என்னும் விருதும் வந்தது. ஆற்காட்டை விட்டு மதராஸ் வந்து, 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கண்டார். வெளித்தோற்றத்தில் அது பெருவாழ்வே. உள்ளே பார்த்தால், போர்ச் செலவுக்காகக் கும்பெனியாருக்குப் பட்ட கடனும், அந்தக் கடனை அடைக்கத் தனியாரிடம் வாங்கிய கடனும் மலையாய் வளர்ந்து கொண்டிருந்தன.

வருவாய்க்கு வழி எங்கே என்று தேடிய நவாபின் பார்வை தஞ்சையின் மீது விழுந்தது. 1762இல் கும்பெனியார் முன்னின்று செய்த உடன்படிக்கையின்படி, தஞ்சை மன்னர் பழைய பாக்கிக்காக 22 லட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் திறையாக 4 லட்சமும் தர இசைந்திருந்தார். அடுத்த ஆண்டில் பிரதாப சிங்கர் காலமாக, அவர் மகன் துளஜா அரியணை ஏறினார். 1764இல் கரைப் பிரச்சினை எழுந்தது.

ஒரு கூடை மண்ணின் வழக்கு

பெருங்கரை பழுதுற்றிருந்தது. அதைச் செப்பனிட வேண்டும். ஆனால் கரை நிற்கும் நிலம் திருச்சிச் சீமையைச் சேர்ந்தது. திருச்சியோ நவாபின் ஆட்சியில் இருந்தது. கரையினால் வாழ்வது தஞ்சை. தொன்றுதொட்டு நாங்களே செப்பனிட்டு வந்தோம், ஆட்களை அனுப்ப அனுமதி வேண்டும் என்றார் தஞ்சை மன்னர். என் நிலத்தில் வேற்றரசர் உரிமையோடு வந்து வேலை செய்வது என் ஆளுகைக்கு இழுக்கு என்றார் நவாபு. அவர் அனுமதி தரவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வீம்பு என்று தோன்றும். நடுநிலையோடு நோக்கினால் இரு தரப்பிலும் கருத்திருந்தது. தன் எல்லைக்குள் பிறர் ஆட்களை அனுமதித்தால் நாளை அது படையாக வரலாம் என்று நவாபு அஞ்சியிருக்கலாம். நாற்புறமும் பகைவரைக் கண்டு வளர்ந்தவர் அவர். மன்னருடைய அச்சமோ இன்னும் ஆழமானது. கரையைக் காக்கும் வேலை நவாபின் கைக்கு முற்றிலும் போய்விட்டால், திறைப் பணம் தாமதப்படும் ஒவ்வோர் ஆண்டும் கரையும் தாமதப்படும். வாளெடுக்காமலே ஒரு நாட்டைப் பட்டினியிட முடியும். பிரெஞ்சுக்காரர் மண்வெட்டியால் செய்ததை நவாபு சும்மா இருந்தே செய்யலாம்.

வழக்கு மதராஸ் கவர்னர் முன் சென்றது. கும்பெனியார் தயங்கினர், நவாபு அவர்களுடைய நண்பர், கடனாளியும் கூட. எனினும் முடிவில் கரையைச் செப்பனிடும் உரிமை தஞ்சை மன்னருக்கே உண்டு என்னும் கருத்துக்கு அவர்கள் வந்தனர். கும்பெனியாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி நவாபு மனமின்றி 1765இல் இசைந்தார். நெல் விளையாவிட்டால் 4 லட்சம் எங்கிருந்து வரும் என்னும் எளிய கணக்கும் அவர்களை உந்தியிருக்கக்கூடும். அறத்தின் பொருட்டு அவர்கள் தலையிட்டதாக எண்ணி நாம் மகிழ வேண்டியதில்லை.

நம் மார்க்கச் சட்டம் இத்தகைய வழக்குக்குப் புதிதன்று. மதீனாவில் மஹ்ஸூர் என்னும் ஓடையின் நீரைப் பற்றி மேட்டு நிலத்தாருக்கும் பள்ள நிலத்தாருக்கும் பிணக்கு வந்தபோது, மேலே உள்ளவர் கணுக்கால் அளவுக்குத் தேக்கிக்கொண்டு எஞ்சியதைக் கீழே விட்டுவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். மேட்டிலிருப்பவருக்கு முதல் உரிமை உண்டு; முழு உரிமை இல்லை. தண்ணீருக்குத் தவித்த மதீனத்து மக்களுக்காக ரூமாக் கிணற்றை விலைக்கு வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள் ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள். ஹனபி மத்ஹபின் பேரிமாம்களுள் ஒருவரான அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில், பேராறுகளின் கரைகளைச் செப்பனிடும் செலவு பைத்துல்மாலைச் சாரும் என்று வகுத்தார்கள். ஆலிம்கள் சூழ வாழ்ந்த நவாபு இவற்றைக் கேட்டறிந்திருக்க மாட்டார் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அறிந்திருந்தும் கரையைப் பிடித்து வைத்தார் என்பதே வருந்தத்தக்கது.

தலைமதகு எவர் கையில் இருக்கிறதோ அவரிடம் கீழ்மடை மக்களின் உயிர் இருக்கிறது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் உலகம் இந்த வழக்கையே வேறு வேறு இடங்களில் நடத்திக் கொண்டிருக்கிறது. நாடு பிரிந்த மறு ஆண்டில், 1948 ஏப்ரலில், கிழக்குப் பஞ்சாபில் இருந்த தலைமதகுகளிலிருந்து மேற்குப் பஞ்சாபின் கால்வாய்களுக்குச் சென்ற நீர் நிறுத்தப்பட்டது. உலக வங்கி நடுவே நின்று பல்லாண்டு பேசிய பின், 1960இல் நேருவும் அயூப் கானும் கராச்சியில் சிந்து நதி உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களையும் அவ்வுடன்படிக்கை தாண்டி நின்றது. பஹல்காம் தாக்குதலையடுத்து 2025 ஏப்ரலில் இந்தியா அதனை நிறுத்தி வைத்தது. காவிரியிலேயே வழக்கு கல்லணையிலிருந்து மேல்நோக்கி நகர்ந்து மைசூருக்குச் சென்றது. 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் எழுந்தன. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புரைத்தது. சண்டையிட்டவர்களே இறுதியில் ஒரு மேசையின் முன் அமர வேண்டியவராகின்றனர்.

நவாபு அவ்வாறு அமரவில்லை. 1771இல் சேதுபதி சீமையோடு தஞ்சைக்கு ஏற்பட்ட பூசலைக் காரணமாகக் கொண்டு, கும்பெனிப் படையைத் துணைக்கொண்டு தஞ்சையை முற்றுகையிட்டார். 1773 செப்டம்பரில் தஞ்சைக் கோட்டை விழுந்தது, துளஜா சிறைப்பட்டார். அன்று முதல் கரையும் நவாபுடையது, வயலும் நவாபுடையது. ஆயினும் அந்த மூன்றாண்டுகளில் தஞ்சைக் குடிகளிடம் கடுமையாக வரி தண்டப்பட்டது. விளைச்சல் கடன்காரரிடம் முன்கூட்டியே ஈடு வைக்கப்பட்டது. இலண்டனிலிருந்து வந்த ஆணைப்படி கவர்னர் பிகட் 1776 ஏப்ரலில் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். நவாபின் கடன்காரர்கள் கொதித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் கவர்னரை அவருடைய சபையினரே சிறைப்படுத்த, 1777இல் அவர் காவலிலேயே இறந்தார். காவிரி நெல்லின் மீது எழுந்த ஆசை ஒரு கவர்னரின் உயிரையும் கொண்டு போயிற்று.

மேடவாக்கமும் ஒரு வரைபடமும்

காவிரி தொலைவில் உள்ளது. தாம்பரம், மேடவாக்கம் பகுதியில் வாழும் நமக்கும் நவாபுக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1763இல் நவாபு கும்பெனியாருக்கு வழங்கிய செங்கல்பட்டு ஜாகீரின் எல்லைக்குள்ளேதான் பரங்கிமலைக்குத் தெற்கேயுள்ள இவ்வூர்கள் அமைந்திருந்தன. கொடுத்த நிலத்தை நவாபே குத்தகைக்குத் திரும்ப எடுத்து 1780 வரை வரி தண்டி வந்தார்.

இந்தச் சீமையில் பேராறு கிடையாது. பாலாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாறே. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் தேக்கி ஆண்டு முழுதும் வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர் போகும். இங்கும் மேட்டூர், பள்ளத்தூர் வழக்கே. அளவு மட்டும் சிறிது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஜாகீரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்கில் ஒவ்வோர் ஊரின் விளைச்சலிலிருந்தும் ஏரிப் பராமரிப்புக்கெனத் தனிப்பங்கு ஒதுக்கப்பட்டிருந்தமை காணப்படுகிறது. களத்து மேட்டிலேயே, அரசாங்கப் பங்கு போகுமுன், ஏரியின் பங்கு அளந்து வைக்கப்பட்டது. கரையைக் கட்டும் உரிமை யாருக்கு என்னும் வினா அங்கே எழவில்லை. அது ஊருக்கு உரியது, ஊரார் கடமை. குடிமராமத்து என்று நாம் வழங்கும் சொல்லின் பொருள் அதுவே.

பர்னார்டின் வரைபடம் கடல் கடந்தது. 1785 பிப்ரவரியில் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் என்னும் நாவலர் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நெடும்பேருரை நிகழ்த்தினார். ஜாகீரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் மட்டும் 1,100 ஏரிகளுக்குக் குறையாமல் உள்ளன என்று எண்ணிக் காட்டினார். ஏரிகளைச் செப்பனிட வேண்டிய பணம் வட்டிக்காரர் பெட்டிக்குப் போயிற்று என்பதே அவருடைய வழக்கின் சாரம். மேடவாக்கத்தையொட்டிய ஏரிக்கரைகள் அன்று இலண்டன் மாநகரில் விவாதப் பொருளாயின என்பது நமக்கு வியப்பைத் தருகின்றது.

அதற்கு முன்பே அழிவு வந்து விட்டது. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை கர்நாடகத்துள் இறங்கியது. நவாபு அன்று திருச்சியை மைசூராருக்குத் தருவதாக வாக்களித்து, பின்னர் மறுத்த பழைய பகை அந்தப் படையெடுப்பின் பின்னணியில் இருந்தது. ஊர்கள் எரிந்தன, குடிகள் சிதறினர், ஏரிகள் கவனிப்பாரற்று உடைப்பெடுத்தன. 1781, 1782 ஆண்டுகளில் மதராஸில் கொடும்பஞ்சம். பட்டினியாளருக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்ட இடமே பின்னர் கஞ்சித்தொட்டி என்று பெயர் பெற்று, இன்று ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. உடைந்த ஏரிகளைச் செப்பனிடும் வேலை 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயோனல் பிளேசு காலத்தில்தான் மும்முரமாயிற்று. மதுராந்தகம் ஏரியின் கரையை அவர் செப்பனிட்ட வரலாறு அங்குள்ள ஏரிகாத்த ராமர் கோயில் கதையோடு சேர்ந்து இன்றும் வழங்குகின்றது.

இன்று மேடவாக்கத்தின் பெரிய ஏரியும் சிற்றேரியும் நாற்புறமும் வீடுகளால் சூழப்பட்டுள்ளன. இப்பகுதி ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் வடிந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்வது இயற்கை வகுத்த வழி. சதுப்பின் பெரும்பகுதி குறுகிவிட்டது. எஞ்சியது 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பரில் வெள்ளம் இல்லங்களுள் புகுந்த அதே தென்புறநகரில், 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு இரவெல்லாம் விழித்திருந்தோம். அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டு வரப்பட்டது. புறநகர் வயற்கிணறுகளிலிருந்து லாரிகள் நீரெடுத்தபோது அவ்வூரார் சாலையில் நின்று தடுத்ததும் உண்டு. அவர்களைக் குறை கூற எவருக்கு மனம் வரும்? மேட்டில் இருப்பவர் யார், பள்ளத்தில் இருப்பவர் யார் என்பது ஆழ்குழாய்க் கிணறுகள் வந்த பின் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று. வழக்கு மறையவில்லை.

கொடையும் முடிவும்

நவாபின் வாழ்வை ஒரே நிறத்தில் தீட்டுவது நியாயமாகாது. மக்கா, மதீனா நகரங்களுக்கு அவர் பொருள் அனுப்பினார். லக்னோவின் பரங்கி மஹல் மரபைச் சேர்ந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்களை மதராஸுக்கு வரவழைத்துக் கல்விப்பணி நிகழச் செய்தார். அப்பெரியார் வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியுள்ளார்கள். பிற சமயத்தார் கோயில்களையும் அவர் வெறுக்கவில்லை. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் நிலம் ஆற்காட்டு நவாபு குடும்பத்தின் கொடை என்றும், அதனால் முஹர்ரம் நாளில் முஸ்லிம்களும் அக்குளத்தைப் பயன்படுத்தும் வழக்கம் ஏற்பட்டது என்றும் சென்னையில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. குளத்துக்கு நிலம் தரும் மனம் இருந்த மரபில்தான் கரைக்கு மண்ணைத் தர மறுத்த நிகழ்ச்சியும் நடந்தது. கடன் ஒரு மனிதனை எவ்வளவு சுருக்கிவிடும் என்பதை வாலாஜாவின் பிற்கால ஆண்டுகள் காட்டுகின்றன. 1781இல் நாட்டின் வருவாயைக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார். பின்னர் திரும்பப் பெற்றார். 1787, 1792 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் மீண்டும் சிறிது சிறிதாக இழந்தார்.

1795 அக்டோபர் 13ஆம் நாள், ஹிஜ்ரி 1210இல், தம் எழுபத்தெட்டாம் வயதில் நவாபு வாலாஜா காலமானார். அதே ஆண்டில் திருவல்லிக்கேணிப் பள்ளிவாசல் எழுந்தது. நான்கு ஆண்டுகளில் தஞ்சை கும்பெனியார் கைக்குப் போயிற்று. 1801இல் கர்நாடகமும் போயிற்று. காவிரியின் பெருங்கரை, தஞ்சையார் நிலமும் நவாபு நிலமுமாகிய இருபுறமும் ஒரே ஆட்சிக்குட்பட, அதைச் செப்பனிடுவோர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லாமற் போயிற்று. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார்.

நவாபின் உடல் திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. இளமையில் தஞ்சை நெல்லை உண்டு முற்றுகையைத் தாங்கிய அதே நகரம் அது. அங்கிருந்து காவிரிக் கரை நடை தூரத்தில் உள்ளது. கரையோடு கிழக்கே பத்துப் பன்னிரண்டு மைல் சென்றால் கல்லணை.